ஈஸ்வரியக்கா கரைத்த மாவு

இன்று பிரிட்ஜைத் திறந்ததும் புளித்த மாவின் வாடை முகத்தில் அடித்தது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருந்த எங்கள் லைன் வீடுகள் நினைவுக்கு வந்தன. இப்போது அங்கே நூல் குடோன் நிற்கிறது.

அந்த வரிசையில் யார் மாவு ஆட்டினாலும் உப்புப் போட்டுக் கரைப்பது ஈஸ்வரியக்காதான். அவர் கைச்சூட்டில் மார்கழியிலும் மாவு பொங்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் நாளெல்லாம் பெடல் மிதித்த கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நொண்டியபடியே வீடு வீடாக வந்து கரைத்துவிட்டு, "மூடி வை கண்ணு, காத்தால பொங்கிரும்" என்பார் என்னிடம். உழைக்கும் தசையிலும் புளிக்கும் மாவிலும் ஊறுவது ஒரே லாக்டிக் அமிலம்தான் என்று பின்னாளில் படித்தபோது, அந்தக் கால்களையும் கைகளையும்தான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலியில் அவர் போய்விட்டார். அன்று எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. அவரை வாசலில் கிடத்தியிருக்க, முந்தின சாயங்காலம் அவர் கரைத்த மாவு எல்லா வீட்டிலும் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது.

மறுநாள், "கொட்டிப் போடலாங்களா அக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவிடம் கேட்டாள். அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டாள். பல் கூசும் புளிப்பு. யாரும் முகம் சுளிக்காமல் தின்றோம். கடைசிக் கரண்டி மாவை மட்டும் அம்மா வார்க்கவில்லை. புது மாவில் கலக்க எடுத்து வைத்தாள்.