செல்வமலர் செல்லாதென்ற தீர்மானம்

மொன்றியலில் குடியேறிய ஊர்ச்சனத்தின் ஒன்றிய யாப்பை, அதாவது அதன் விதிக்கோவையை, முழுதாக வாசித்த ஒரே ஆள் செல்வமலர்தான். ஆசைப்பட்டு வாசிக்கவில்லை, பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அதைத் தட்டச்சு செய்ய வேறு ஆள் கிடைக்கவில்லை. புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு களஞ்சியத்தில் நாள் முழுக்கப் பெட்டி கட்டிவிட்டு வந்து, வில்லரேயில் தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து அடித்தாள். அன்று பிடித்தது சனி. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவளுடைய போன்தான் அடிக்கும்.

இந்த வருட ஒன்றுகூடலில் தலைவர் கிருபானந்தன் ஒரு தீர்மானம் வாசித்தார். இனி ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வாக்கு. கூடவே, செல்வமலருக்கு ஆயுட்கால யாப்புக் காப்பாளர் என்ற பதவி. அந்த நேரம் பார்த்துச் சுடச்சுடப் பொரித்த றோல்ஸ் தட்டு வந்தது. சனம் கைதட்டியது. 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிக்கொண்டார்கள். கைதட்டல் தீர்மானத்துக்கா றோல்ஸுக்கா என்பது எழுதினவர்களுக்கே வெளிச்சம்.

கஜந்தினி மன்னாரில் பிறந்து ஊருக்கு மருமகளாக வந்தவள். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பவள். மறுநாள் போனில் அழுதாள். "கூட்டத்துக்குக் கதிரை அடுக்க நான் வேணும், வாக்குப் போட வேண்டாமோ அக்கா?"

செல்வமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாப்பை எடுத்தாள். யாப்பை மாற்றுவதென்றால் கை உயர்த்தச் சொல்லி எண்ணி, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவளே அடித்த வரி. தீர்மானத்தின் முதல் பாதியை மட்டும் வெட்டிவிட்டால் என்ன என்றும் யோசித்தாள். இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே மரியாதை அந்தப் பதவி. ஆனால் இரண்டுக்கும் ஒரே கைதட்டல்தானே! கிருபானந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"முழுத் தீர்மானமும் செல்லாது அண்ணை. என்ரை பதவியும் சேர்த்துத்தான்."

"அப்பிடிச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இருக்கெண்டு யாப்பிலை எங்கை கிடக்கு?" கிருபானந்தன் பாய்ந்தார்.

"இல்லைத்தான். யாப்பை மிதிக்கலாமெண்டும் எங்கையும் இல்லை. கையை எண்ணிக் காட்டுங்கோ, பிறகு நான் வாயைத் திறக்கமாட்டன்."

அடுத்த கூட்டத்தில் எண்ணினார்கள். கஜந்தினியின் கையையும் சேர்த்துத்தான். தீர்மானம் தோற்றது, பதவியும் போனது.

சட்டம் படிக்கும் மகள் வித்தியா சிரித்தாள். "அம்மா, 1803இலை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதைத்தான் செய்தது. ஒரு சட்டம் தனக்குக் குடுத்த அதிகாரத்தையே அரசியலமைப்புக்கு மாறெண்டு தள்ளினது. சட்டத்தை நீதிமன்றம் செல்லாதெண்டு சொல்லுற வழக்கம் அங்கை வேரூன்றினது அதாலைதான்."

"அவையளுக்குச் சம்பளமாவது குடுத்திருப்பினம்!" என்று எரிந்து விழுந்தாள் செல்வமலர்.

போன் அடித்தது. கிருபானந்தன்தான். "தங்கச்சி, புதுத் தீர்மானமொண்டு எழுதியிருக்கிறன். கூட்டத்திலை வாசிக்க முன்னம் செல்லுமோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ."

இது பதவியாக இருந்திருந்தால் ராஜினாமாச் செய்து தொலைத்திருக்கலாம். செல்வமலர் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள்.