தலைக்கு மேலே உட்காரும் வேலை

அவருடைய வேலை, மற்றவர் வேலை செய்யும்போது அவரைவிட உயரமான இடத்தில் உட்கார்ந்திருப்பது. அதற்குச் சீருடை உண்டு, தொப்பி உண்டு, குடியிருக்க வீடு உண்டு. பதவியின் பெயர் உயர அலுவலர்.

விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடந்த அந்தப் பேரரசில், எல்லா உயிரினங்களுக்கும் மேலானவன் மனிதன் என்பது அரசாங்கக் கொள்கை. பள்ளிப் பிள்ளைகள் அதைக் காலையில் ஒப்பித்தார்கள். சோப்பு உறையில்கூட அச்சடித்திருந்தது. கொள்கையோடு நிற்காமல் சட்டமும் போட்டார்கள்: வேலை நேரத்தில் வேறெந்த இனத்தின் தலையும் மனிதத் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. தலைநகரத்தில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குத் தெருவிளக்கு ஞாபகம் வரவில்லை.

தெருவிளக்குகளைப் பழுது பார்த்தவர்கள் நாலுகையர்கள். பெயருக்கேற்ப நான்கு கைகள். ஒவ்வொன்றும் மடக்குக் குடை மாதிரி சுருங்கும், விரித்தால் ஒரு கம்பத்தின் உயரம்வரை நீளும். அந்த வேலைக்கு அவர்களை விட்டால் ஆளில்லை. ஆனால் பல்பைக் கண்ணால் பார்த்து மாட்ட நாலுகையர் கம்பத்தில் ஏறினால் தெருவில் போகும் அத்தனை மனிதரும் அவருக்குக் கீழே ஆகிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு விளக்குக்காரரோடும் ஒரு மனிதரை அனுப்பி, பக்கத்து ஏணியில் இன்னும் இரண்டு படி மேலே உட்கார வைத்தார்கள்.

நம் உயர அலுவலருக்கு உயரம் என்றாலே உயிர் போய்விடும். வீட்டில் பல்பு மாற்றுவது மனைவிதான். இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. மாடி வீடு ஒதுக்கியபோது, முழங்கால் வலி என்று சொல்லித் தரைத்தளத்துக்கு மாற்றி வாங்கினார். இந்த வேலையும் அவராகக் கேட்டு வாங்கியதல்ல. மாமனார் பார்த்த வேலை, வாரிசு அடிப்படையில் மருமகனுக்கு வந்தது. மாமனார் கம்பத்திலிருந்து விழுந்து இறந்ததாக ஊரே நினைத்தது. உண்மையில் அவர் இறந்தது பாயில், விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பயத்தை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினார் என்றால், அதற்குக் காரணம் அவரோடு அனுப்பப்பட்ட விளக்குக்காரர். வயதானவர், வாய் நீளம், கை அதைவிட நீளம். முதல் நாளே விஷயத்தைக் கண்டுகொண்டார்.

"யோவ், ஏணியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறியே, அது உன் சம்சாரமா?"

"கால் நடுங்குது அண்ணே."

வேற்றினத்தாரை உறவுமுறை சொல்லி அழைப்பது குற்றம். பொது இடத்தில் இவர் அவரை "வேலையாளே" என்றும், அவர் இவரை "மேன்மையாரே" என்றும் அழைக்க வேண்டும். ஆனால் நடுங்கும்போது யாருக்குச் சட்டம் ஞாபகம் இருக்கும்?

விளக்குக்காரர் யோசித்துவிட்டு, கம்பத்தடிச் சாக்கடையின் மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கிக் குந்தினார். தலை மட்டும் தெரு மட்டத்தில் தெரிந்தது. அங்கிருந்தபடியே இரண்டு கைகளை மேலே விட்டார். அவை கம்பத்தின் உச்சிவரை போய், தடவிப் பார்த்து, பல்பைக் கழற்றின.

"உன் சட்டம் தலையைத்தானே சொல்லுது? என் தலை இங்க இருக்கு. நீ ஒரு முக்காலியப் போட்டு உக்காரு."

அப்படித்தான் வருஷக்கணக்கில் ஓடியது. உயர அலுவலர் முழங்கால் உயர முக்காலியில் ஃபிளாஸ்க்கோடு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். விளக்குக்காரர் சாக்கடைக்குள் இருந்தபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலையை முடிப்பார். சட்டத்துக்கும் நிம்மதி, இவர்களுக்கும் நிம்மதி. சாக்கடைக்குள் குந்தியவருக்கு நாற்றம்தான் தொல்லை. அதை இவர் தீப்பெட்டியும் ஊதுபத்தியும் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினார்.

அப்போதுதான் சதுக்கத்தில் இருந்த சிலையின் விளக்கு அணைந்தது.

கல்லில் செதுக்கிய மனிதன், ஓங்கிய தூணின் உச்சியில், ஒரு கையை வானத்துக்கு நீட்டி நிற்பான். கையில் விளக்கு. எல்லா உயிர்க்கும் மேலானவன் இருட்டில் நிற்பதைப் பார்த்து மற்ற இனத்துப் பிள்ளைகள் சிரித்ததாகப் புகார் போனது. பழுது பார்ப்பதை நேரில் கண்காணிக்கத் தலைநகரத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. தூணின் உயரத்துக்கு விளக்குக்காரரின் கை எட்டாது. ஏறித்தான் ஆக வேண்டும். அவர் ஏறினால், இவரும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேலை போகும். வேலையோடு தரைத்தள வீடும் போகும்.

"பயப்படாதீங்க. உங்க விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள் மனைவி, சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. "எங்கம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அப்ப தெரு முழுக்கத் தெரியும்."

"தெருவுக்கு முன்னாடியே தெரியும். ஏணியைப் பாத்தாலே உங்க முகம் போற போக்கு அப்படி."

மறுநாள் மாலை சதுக்கத்தில் கூட்டம். ஆய்வாளர் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அருகே ஒரு புகைப்படக்காரர். தூணில் சாத்தியிருந்த ஏணியில் நம்மவர் கால் வைத்தார். நான்காவது படியில் நின்றார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஒட்டிய போஸ்டர் மாதிரி இருந்தார்.

"ஏன் நின்னுட்டார்?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"தியானம் பண்றாருங்க மேடம்" என்றார் விளக்குக்காரர். பிறகு ஏணியருகே போய் குரலைத் தாழ்த்தினார். "யோவ், என்னாச்சு?"

"முடியாது அண்ணே. நான் இறங்கிடறேன். வேலை போனாப் போகட்டும்."

"உன் வேலை போனா புதுசா ஒருத்தன் வருவான். அவனுக்கு உயரம் புடிச்சுத் தொலைச்சா நான் தெனம் கம்பம் ஏறணும். இந்த வயசுல என்னால ஆகாது. கண்ண மூடு."

கண்ணை மூடினார். இடுப்பில் கருவிப் பட்டை சுற்றப்படுவதை உணர்ந்தார். அடுத்த நொடி விளக்குக்காரரின் முதுகில் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தார். அவருடைய தாடை விளக்குக்காரரின் உச்சந்தலையில் இடித்தது. அதாவது, மனிதத் தலை மேலே. சட்டப்படி எல்லாம் சரி.

ஏறினார்கள். காற்று அடித்தது. கீழே கூட்டம் வாயைப் பிளந்தது. பாதித் தூணில் விளக்குக்காரர் மூச்சு வாங்கினார்.

"என்னய்யா கனம் கனக்குற. காலையில என்ன சாப்பிட்ட?"

"பயத்துல எதுவும் இறங்கல அண்ணே."

"அப்ப இது நேத்து சாப்பிட்டதா?"

உச்சியில் இன்னொரு சிக்கல். முதுகுச் சுமை ஆடியதால் விளக்குக்காரருக்கு நான்கு கைகளும் தூணைப் பிடிக்கத் தேவைப்பட்டன. பல்பு அவருடைய பற்களுக்கிடையே இருந்தது.

"எடுத்து மாட்டு" என்று பல்லுக்குள் சொன்னார்.

"நான் கையால வேலை செய்யக் கூடாது. இனத்துக்கு இழுக்கு."

"கீழ விழுந்தா இனத்துக்குப் பெருமையா?"

கண்ணைத் திறக்காமலே பழைய பல்பைத் தடவிக் கண்டுபிடித்துக் கழற்றினார், புதியதைத் திருகினார். வீட்டில் ஒரு தடவைகூடச் செய்யாத வேலை. விளக்கு எரிந்தது. இமைகளுக்குள் எல்லாம் சிவப்பானது. கீழே கைதட்டல் எழுந்தது.

தரைக்கு வந்ததும் ஆய்வாளர் அம்மா கேட்டார்: "மேலே ஒரு கை அசைந்துகொண்டிருந்ததே?"

"சிலைக்கு வணக்கம் வெச்சாருங்க மேடம்" என்றார் விளக்குக்காரர்.

ஆய்வாளரின் கண் கலங்கிவிட்டது. தாழ்ந்த இனத்தின் தோள்மேல் உயர்ந்த இனம், கீழே பார்க்கவும் விரும்பாத மூடிய கண்கள், வெளிறிய, சலனமற்ற முகம். இத்தனை ஆண்டுகளாகக் கொள்கை தேடிக்கொண்டிருந்த படம் இதுதான் என்றார். மறுவாரமே அது சுவரொட்டியாக எல்லாத் தெருவிலும் ஒட்டப்பட்டது. அதன் பின்னாலேயே ஆணையும் வந்தது: இனி முக்காலி, ஏணி எதுவும் கிடையாது. உயர அலுவலர்கள் அனைவரும் விளக்குக்காரரின் முதுகில்தான் ஏற வேண்டும். எல்லாக் கம்பத்திலும், எல்லா நாளும்.

வேலை தப்பியது. முக்காலி போனது.

மனைவிக்கு ஒரே பெருமை. சுவரொட்டி ஒன்றைக் கிழியாமல் உரித்து வந்து கூடத்தில் ஒட்டினாள். தன் படத்தில் தான் இருந்த உயரத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றியது. அதைக் கொஞ்சம் கீழே ஒட்டச் சொன்னார்.

விளக்குக்காரர் ஆணையைப் படித்தார். மறுநாள் காலை நேராக வீட்டு வாசலுக்கு வந்தார். "மேன்மையாரோட சாப்பாட்டைப் பத்திப் பேசணும்மா" என்றார் மனைவியிடம். வாசலிலேயே நின்று, எது எவ்வளவு போடலாம், எதைத் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அரசாங்கம் சொன்னதை அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லா உயிர்க்கும் மேலானவனின் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதை விளக்குக்காரர்தான் முடிவு செய்கிறார். தினமும் வேலை தொடங்குமுன், பணிமனை வாசலில், இவருடைய சட்டைக் காலரில் ஒரு கையை விட்டுத் தரையிலிருந்து தூக்கிக் கனம் பார்ப்பார்.

"நேத்து ரெண்டாவது தடவ வாங்கிச் சாப்பிட்டியா?"

"ஒரே ஒரு கரண்டி அண்ணே."

"கரண்டியா, சட்டியா?"

விளக்குக்காரர் அவரைக் கீழே இறக்கி வைப்பார்.

"சரி, இன்னிக்குக் குட்டைக் கம்பம் மட்டும்தான். போய் தண்ணியக் குடி."

உயர அலுவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாய்விட்டுச் சொல்ல முடியாத நிம்மதியோடு, தண்ணீர்க் குழாயை நோக்கி நடப்பார். நெட்டைக் கம்பங்கள் உள்ள தெருவுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மட்டும், மனைவி பார்க்காத நேரத்தில், ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டுக்கொள்வார்.