தம்பி பெயரில் இருந்த எண்

பினாங்கிலிருந்து ஒரு சீனப் பெண் கூப்பிட்ட நேரத்தில், பிரெடி பீடோங் ஊர் பாசார் ஓரத்தில் இருந்த தன் சின்னக் கடையில் யாருடைய கைத்தொலைபேசிக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். கடன் அட்டை விற்கிறவளாக்கும் என்று வைத்துவிடப் பார்த்தார். தன் பெயர் லிம் என்ற அவள், மலாயில் விறுவிறுவென்று ஐந்து எண்களைச் சொன்னாள். கடைசி மூன்றும் ஒன்று, ஆறு, எட்டு. கண்ணாடி கோணலாக ஒட்டிக்கொண்டது.

அது அவருடைய பழைய சைபர் கடையின் இணைய முகவரி.

காசு கொடுத்து இணையம் பார்க்க வரும் அந்தக் கடையை நடத்தியவர்கள் பிரெடியும் தம்பி டேரிலும். அப்பா சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு மாறியதும் குடும்பம் பீடோங்குக்கு வந்துவிட்டது. கல்லா பிரெடிக்கு, கணினியெல்லாம் டேரிலுக்கு. கடைக்கு இணைய முகவரி வேண்டுமென்று டேரில் சொன்னபோது, கட்டடத்துக்காரரான சீன முதலாளி டான் தவுக்கேதான் யோசனை சொன்னார். எத்தனையோ வருஷம் தமிழர்களுக்கு ஆணியும் பெயின்டும் விற்றவர், தமிழ் தாராளமாக வரும்.

“பேரு போட்டா ஸ்பெல்லிங் தப்பா அடிப்பாங்க. நம்பர் போடு லா. ஒன்னு ஆறு எட்டு, எங்க பாஷையில ‘போற வழியெல்லாம் செழிப்பு’ன்னு காதுல விழும். நாலு மட்டும் வேணாம். அது சாவு மாதிரி கேக்கும்.”

டேரில் சிரித்தான். சிரித்தாலும் அப்படியே வாங்கினான். பத்து வருஷத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, “இனிமே இத நீங்க மறந்துடலாம்ணே” என்றான்.

பிரெடி மறந்துதான் போனார். மறக்க நிறைய இருந்தது. இரண்டு வருஷத்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரியின் அடியில் டேரில் மோட்டார் சைக்கிளோடு போய்விட்டான். அதற்குப் பிறகு கடை கொஞ்ச நாள் ஓடியது. எல்லார் கையிலும் இணையம் வந்ததும் படுத்துவிட்டது.

“அங்கிள், சீனாவுல ஒரு கம்பெனி இந்த நம்பர கேக்குறாங்க,” என்றாள் லிம். “அங்க எழுத்து அடிக்கிறதவிட நம்பர் அடிக்கிறது சுலபம். அஞ்சே நம்பர், அதுல நாலுங்கிற நம்பர் கிடையாது, எட்டுல முடியுது. அவங்க பேருக்கு மாத்திக் குடுத்தா போதும்.” அவள் சொன்ன விலையைப் பிரெடி திரும்பக் கேட்டார். அதே விலைதான்.

வீட்டில் மனைவி ஷாரன் நம்பவில்லை. “ஏமாத்துறாளுங்க,” என்றாள். முகவரியை அடித்துப் பார்த்தார்கள். பக்கம் திறந்தது. கடை திறந்த அன்று எடுத்த படம். தவுக்கே கொடுத்த சீன ஆரஞ்சுகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு டேரில் நிற்கிறான். கீழே பிரெடியின் தொலைபேசி எண். இத்தனை வருஷமும் அவன் அங்கேயேதான் நின்றிருக்கிறான். ஷாரன் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முகவரியைப் பதிந்து கொடுத்த கம்பெனி எங்கோ வெளிநாட்டில் இருந்தது. மாற்றித் தரக் கேட்டால், உரிமையாளர் டேரில், அவரையே எழுதச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் இறந்துவிட்டார் என்று பிரெடி எழுதினார். ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டு, உறுதி செய்யும் எண்ணை டேரிலின் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. இறப்புப் பத்திரத்தை அனுப்பினார். வாரிசு என்பதற்கு நீதிமன்றத் தாள் கேட்டார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார் சுங்கைப்பட்டாணி வக்கீல். பத்து வருஷம் முடிய இன்னும் சில வாரமே இருந்தது. புதுப்பிப்பதற்கும் டேரிலின் கணக்குக்குள்தான் நுழைய வேண்டும்.

மின்னஞ்சலைத் திறக்கப் பார்த்தால், அது டேரிலின் பழைய கைத்தொலைபேசிக்கு ஓர் எண் அனுப்புவேன் என்றது. தம்பி செத்த பிறகு ஒருமுறைகூடப் பிரெடி அவன் தொலைபேசி எண்ணை அழைத்ததில்லை. அன்று அழைத்தார். கோலா கெடாவில் கருவாடு விற்கும் ரொஹானி என்ற மலாய்ப் பெண் எடுத்தாள். அந்த எண் கைமாறி அவளிடம் வந்திருந்தது.

மறுநாளே மடிக்கணினியோடு பிரெடி புறப்பட்டுப் போனார். லங்காவிப் படகுத்துறைக்குப் போகும் கூட்டத்தைத் தாண்டி அவளுடைய கடை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, கருவாட்டுக் கூடைகளைத் தள்ளி உட்கார இடம் கொடுத்தாள். அவள் தொலைபேசி கிணுகிணுத்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒவ்வோர் எண்ணாக நிதானமாகப் படித்தாள். பிரெடி அடித்தார். உள்ளே விட்டது.

உள்ளே இல்லை, இன்னொரு கதவு. டேரில் எப்போதோ தானே எழுதி வைத்த கேள்வி: சிறு வயதில் உங்கள் நெருங்கிய நண்பர் யார்?

பிரெடி தன் பெயரை அடித்தார். தவறு என்றது. தோட்டத்தில் பக்கத்து வீட்டு வசந்தனின் பெயரை அடித்தார். தவறு. ஒரே பாயில் படுத்த தம்பி. அவன் யாரோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தான், சாயங்காலம் யாரைத் தேடிப் போனான், எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவர் அதையெல்லாம் கேட்டதே இல்லை. கடைசியாக, குத்துமதிப்பாக ஜெயகுமார் என்று அடித்தார். கணக்கு பூட்டிக்கொண்டது.

“என்ன அபாங், கிடைச்சதா?” என்று, அண்ணனைக் கூப்பிடுவதுபோல மலாயில் கேட்டாள் ரொஹானி.

“இல்லக்கா. கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல.”

அவள் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

பத்து வருஷக் கெடு முடிந்தது. சில வாரம் படம் இருந்த இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு லிம் கூப்பிட்டாள். அந்த முகவரி ஏலத்துக்கு வந்ததாம், அவளுடைய ஆட்களே எடுத்துவிட்டார்களாம். “மன்னிச்சிருங்க அங்கிள். ரூல் அப்படி.” அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அதனால் பிரெடியால் திட்டவும் முடியவில்லை. இப்போது அந்த முகவரியை அடித்தால் சிவப்பும் தங்க நிறமுமாகச் சீன எழுத்துகள் ஓடுகின்றன. என்ன வியாபாரம் என்று டான் தவுக்கேயிடம் காட்டினார். தவுக்கே பார்த்துவிட்டு, சூதாட்டம் என்றார். பிறகு, “நல்ல நம்பர்தான் குடுத்தேன் பிரெடி,” என்று மெல்லச் சொன்னார்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனபோது, டேரிலோடு படித்த பரஞ்சோதி அங்கே நின்றிருந்தான். பிரெடி அவனைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, சின்ன வயசுல டேரிலுக்கு ரொம்ப நெருக்கமா இருந்தது யாரு? நீயா?”

பரஞ்சோதி நேர்மையாக யோசித்தான். “நான் இல்லண்ணே. எல்லார்கிட்டயும் நல்லாத்தான் பேசுவான். நெருக்கம்னு சொல்றதுன்னா...” உதட்டைப் பிதுக்கினான். “தெரியலண்ணே. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்,” என்றார் பிரெடி. காற்றில் அணைந்த மெழுகுவத்தியை ஷாரன் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் போய்க் கையைக் குவித்து மறைத்துப் பிடித்தார்.