கம்பளம் கழுவப் போன தண்ணி வண்டி

என் வீட்டுக்காரர் பதினோரு வருடம் வளைகுடாவில் கம்பளம் கழுவினார். அங்கே மணலுக்கு அடுத்தபடி அதிகமாக இருப்பது கம்பளம்தானாம். போன தடவை இரண்டு மாத விடுப்பில் வந்தவர், மூன்றாம் நாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "இனிமே நான் அங்க போகப்போறதில்ல. இங்கனயே கார்பெட் கழுவப் போறேன்" என்றார்.

எனக்குப் புரையேறிவிட்டது. நாங்கள் இருப்பது ராமநாதபுரத்தில். இங்கே வசதியான வீடு என்றால் பாய் இரண்டு கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். "குடிக்கவே தண்ணியக் காணோம், இவரு கம்பளம் கழுவப் போறாராம். எவ வீட்டுல இருக்கு கம்பளம்?" என்று கேட்டேன்.

பதிலைத் தயாராக வைத்திருந்தார். கடலோர ஊர்களில் மகன்மார் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கம்பளங்கள் அழுக்கேறிக் கிடக்கின்றனவாம். ராமேஸ்வரத்து லாட்ஜுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் சிவப்புக் கம்பளம் கறுப்பாகி வருடக்கணக்காகிறதாம். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் அலைய மாட்டார்கள். நாமே ஒரு வண்டியில் எந்திரத்தையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போய்விட வேண்டியதுதான் என்றார்.

"திரும்பிப் போற டிக்கெட்டு கையில இருக்கு. அதுக்குள்ள ஒரே ஒரு வேலை சுத்தமா முடிஞ்சு, அந்த வீட்டுல வாய் நெறைய நல்லாருக்குன்னு சொல்லிட்டா டிக்கெட்டக் கிழிச்சிருவேன். இல்லாட்டி ஏறிருவேன்."

"ஏறிருங்க. அதுதான் ஒங்களுக்கு லாயக்கு" என்றேன்.

சொன்னது வாய். மனசு வேறு சொன்னது. பதினோரு வருடத்தில் அவர் என்னோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருடம் தேறாது. அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை. ஆனால் ஆசைப்பட்டுத் தொலைத்துவிட்டு, பிறகு மதுரை விமான நிலையத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பதைவிட, ஆசையே இல்லாத மாதிரி காட்டிக்கொள்வது மேல் என்று பழகிவிட்டேன். ஊர் வம்பு பேச எனக்கு எட்டு ஊர் வாய் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாய் கிடையாது.

முதுகுளத்தூரில் ஆட்டு வியாபாரி ஒருவரிடம் பழைய குட்டியானை கிடைத்தது. அந்தச் சின்ன லோடு வண்டிக்கு எல்லோரும் வைத்திருக்கிற பெயர் அதுதான். வண்டி நன்றாக ஓடியது. நாற்றம் மட்டும் அதற்கு முன்னால் ஓடியது. வீட்டு வாசலில் நிறுத்திய அன்றே தெருவிலுள்ள ஆடுகளெல்லாம் வந்து மோந்து பார்த்தன. பக்கத்து வீட்டுக் கிடாய் ஒன்று தானாகவே பின்பக்கம் ஏறி, சந்தைக்குக் கிளம்பிய மாதிரி நின்றுகொண்டது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது. "மொத ஆளு வந்தாச்சு, கழுவி அனுப்புங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

புழுக்கையைச் சுரண்டி எடுத்து, வெளிநாட்டிலிருந்து கம்பளத்துக்கென்று கொண்டு வந்த சோப்புத் திரவத்தில் பாதியை வண்டிக்கே ஊற்றினார். நுரை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ரேஷன் கடை வரைக்கும் போனது. அன்று சாயங்காலம் இரண்டு பேர் வந்து, நாங்கள் சோப்புக் கம்பெனி வைத்திருக்கிறோமா என்று விசாரித்தார்கள். கிடாய் அதற்குப் பிறகும் வந்தது. ஆனால் தும்மியது.

அடுத்தது பட்டறை. ஐந்நூறு லிட்டர் தொட்டி, ஜெனரேட்டர், பம்பு, தண்ணீரை உறிஞ்சுகிற எந்திரம் எல்லாவற்றையும் குட்டியானையின் முதுகில் ஏற்றியாக வேண்டும். இவர் தாளில் படம் போட்டு, அளவு குறித்து, தொட்டியை வண்டியின் வால்பக்கம் வைக்கச் சொன்னார். குழாய் போட அதுதான் வசதியாம். வெல்டிங் வைத்து முடித்துத் தண்ணீர் நிரப்பினார்கள். நிரம்ப நிரம்ப வண்டி பின்னால் குந்தியது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் மட்டும் திரும்பியது, வண்டி திரும்பவில்லை.

பட்டறைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அண்ணே, யானை தும்பிக்கையத் தூக்கிருச்சுண்ணே. ஆசீர்வாதம் வாங்கிக்கங்க" என்றார்.

தொட்டியைக் கழற்றி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி வைத்தோம். அப்புறம் அந்த நீளக் குழாய். அதை வாங்கியதிலிருந்து வண்டியில் யார் கால் வைத்தாலும் சிக்கி விழுந்தார்கள். சுற்றி வைக்கிற உருளை வேண்டும், கோயம்புத்தூரில்தான் கிடைக்கும் என்று இவர் போன் போட்டுக்கொண்டிருந்தார். நான் பரணில் கிடந்த பழைய சைக்கிள் ரிம்மைக் கொண்டு போய்ப் போட்டேன். பட்டறைக்காரர் அதை ஒரு கம்பியில் கோத்து நிறுத்தினார். கைப்பிடியைச் சுற்றினால் குழாய் சமத்தாகப் போய் உட்கார்ந்தது. அன்று வந்தவர் போனவரிடமெல்லாம் இவர், "நம்ம ஐடியாதான்" என்று சொன்னார். பக்கத்தில் நான் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

ஒத்திகை பார்க்க வீட்டில் கம்பளம் இல்லை. வாசலில் கிடந்த 'வருக வருக' கால்மிதியைக் கழுவினார். எந்திரம் அழுக்கோடு ஒரு வருகவையும் உறிஞ்சிவிட்டது. வருகிறவர்களுக்குப் பாதி மரியாதை போதும் என்று அதையே திரும்பப் போட்டு வைத்தேன்.

இதற்குள் விடுப்பு முடிகிற வாரம் வந்துவிட்டது. விமானம் சனிக்கிழமை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் முதல் அழைப்பு வந்தது. மாரியூர்ப் பக்கம் கடலோர வீடு. வியாழக்கிழமை மகளுக்கு நிக்காஹ், கூடத்துக் கம்பளம் பார்க்கச் சகிக்கவில்லை, நாளைக்கே வர வேண்டும் என்று ஓர் அம்மா பேசினார்.

புதன்கிழமை விடிந்ததும், தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றில் தொட்டி நிறைய நல்ல தண்ணீர் பிடித்தார். கடலோரத்து உப்புத் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் கம்பளத்தில் வெள்ளை பூத்துவிடும். கூட மாட ஆள் இல்லாததால் நானே கிளம்பினேன். வெளிநாட்டில் பழகிய பழக்கம், பளபளவென்று மின்னுகிற பச்சை மேல்சட்டை இல்லாமல் வேலைக்குப் போகக் கூடாதாம். சேலைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டேன்.

மாரியூருக்கு முன்னால் ஒரு சின்ன ஊரில் வழி கேட்க இறங்கினேன். முதல் வீட்டில் வந்து நின்றவள் பேசிய பேச்சிலேயே தெரிந்துவிட்டது, கமுதிக்காரி. நானும் கமுதி. அவள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கமுதிக்காரிகள் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் பேச்சு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழி கேட்கத்தான் வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

பொறுத்துப் பார்த்த இவர், என்னைக் கூப்பிடுவதற்காக ஹாரனை நீளமாக மூன்று தடவை அடித்திருக்கிறார்.

அந்த ஊரில் தண்ணீர் வண்டி வந்தால் அப்படித்தான் அடிக்குமாம். நீளமாக, மூன்று தடவை.

அரை மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது, வண்டியைச் சுற்றித் தள்ளுவண்டிகளும் பிளாஸ்டிக் குடங்களுமாக ஒரே கூட்டம். தொட்டி வேறு நீல நிறம், குழாய் வேறு தொங்குகிறது. பச்சைச் சட்டையில் ஒருத்தி இறங்கி ஒரு வீட்டுக்குள் போகிறாள் என்றால் அவள் பஞ்சாயத்து ஆள் இல்லாமல் வேறு யார்? "இது கார்பெட் கழுவுற தண்ணி தாயி" என்று இவர் சொல்லியிருக்கிறார். ஒரு பெண் குழாயைத் திருகி உள்ளங்கையில் பிடித்துக் குடித்துவிட்டு, "ஏலே, நல்ல தண்ணிடா!" என்று கத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகு இவரால் என்ன செய்ய முடியும்? பெரிய கம்பெனியில் மேனேஜரையே எதிர்த்துப் பேசினேன் என்று சொல்கிற மனிதர், குடத்தோடு நிற்கிற பெண்களைப் பார்த்ததும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஊற்றியிருக்கிறார்.

"கொஞ்சம் மிச்சம் இருக்கும்" என்றார் வண்டியை எடுக்கும்போது. தொட்டி டங்கென்று சத்தம் கொடுத்தது.

கல்யாண வீட்டில் அந்த அம்மா எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். கம்பளம் அங்கே விரித்துக் கிடந்தது, பழுப்பு நிறத்தில், ஒரு சின்ன வயல் அளவுக்கு. இவர் தயங்கித் தயங்கித் தண்ணீர் இல்லாத கதையைச் சொன்னார்.

"அல்லாவே! தண்ணி இல்லாம கழுவுற மெசினா தம்பி? எங்க கெணத்துல கெடக்கே, அள்ளிக்கங்க" என்றார் அவர்.

இவர் ஒரு வாளி இறைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. "உப்பும்மா. நாளைக்குக் கம்பளம் கருவாடு மாதிரி ஆயிரும்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். அரை மணி நேரம் வாயடித்தது நான்தான் என்பது நன்றாகத் தெரியும். அதனாலேயே கோபம் இரண்டு மடங்காக வந்தது. "இதுக்குத்தான் சொன்னேன், அங்கனயே கெடங்கன்னு! இங்க ஒங்களால ஒரு மண்ணும் ஆகாது!" என்று அந்த அம்மாவை வைத்துக்கொண்டே கத்திவிட்டேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. வாளியைக் கீழே வைத்தார். "சரி. சனிக்கிழமை போயிறேன்" என்றார்.

இத்தனை நாள் போங்க போங்க என்றவளுக்கு, சரி என்ற ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. "வண்டிய எடுங்க" என்றேன்.

அதே ஊர். அதே இடம். நானே எக்கி ஹாரனை மூன்று தடவை நீளமாக அடித்தேன். குடங்கள் மறுபடி ஓடி வந்தன. நான் வண்டிமேல் ஏறி, தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, "குடுத்த தண்ணியத் திருப்பி ஊத்துங்க!" என்றேன்.

அந்தத் தெருவில் இப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "குடுத்த தண்ணியத் திருப்பிக் கேக்குறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள் ஒருத்தி. "என் தண்ணி ஒலையில கொதிக்குது, அரிசியோட தரவா?" என்றாள் இன்னொருத்தி. பஞ்சாயத்தில் புகார் கொடுப்பேன் என்று ஒருவர் மிரட்டினார். என்னவென்று கொடுப்பார், எனக்குத் தெரியவில்லை.

"இந்தத் தண்ணி இல்லாட்டி எம்புருசன் சனிக்கிழமை பிளேன் ஏறிருவாரு!" என்று கத்தினேன். "பதினோரு வருசமாச்சு. எனக்கு அவரு வேணும். தண்ணிய ஊத்துங்க!"

சவூதியிலும் குவைத்திலும் ஆள் இல்லாத வீடு அந்தத் தெருவில் எத்தனை இருந்திருக்கும்? ரேஷன் அட்டையில் மட்டும் புருஷன் இருக்கிற வீடுகள். என்னை நீயெல்லாம் பொம்பளையா என்று கேட்டவள்தான் முதலில் குடத்தைத் தூக்கினாள். "கூறுகெட்டவளே, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று திட்டிக்கொண்டே ஊற்றினாள். பின்னாலேயே ஒவ்வொரு குடமாக வந்தது. தண்ணீரே வாங்காத கமுதிக்காரி, தன் வீட்டுச் சேமிப்பிலிருந்து நாலு குடம் கொண்டு வந்தாள். முக்கால் தொட்டி நிறைந்தது.

இவர் தொட்டி வாயில் புனலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்குத் திரும்புகிற வழியில், "தண்ணி வாங்குறதுக்காகச் சொன்னியா, நெசமாவே சொன்னியா?" என்று கேட்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

சாயங்காலம் வரை கழுவினோம். மூன்றாவது அலசலில் பழுப்பெல்லாம் போய் மாதுளைச் சிவப்பு வந்தது. ஓரத்தில் கொடி, நடுவில் பூக்கள். அந்த அம்மா மாடிக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "மாஷா அல்லாஹ்! இதுல பூவெல்லாம் இருந்துச்சா? ரொம்ப நல்லாருக்கு தம்பி, ரொம்ப நல்லாருக்கு!" வாய் நிறையத்தான் சொன்னார். இவர் தலையாட்டினார். ஆனால் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே போய்ப் பம்பைக் கட்டினார், சாமான்களை ஏற்றினார், சீட்டில் உட்கார்ந்து, "ஏறு, போவோம்" என்றார்.

நான் ஏறவில்லை. "இருங்க" என்றேன்.

அவர் சாவியைத் திருப்பாமல் காத்திருந்தார். "என்னத்த விட்டுட்டு வந்த? பிரஷ்ஷா?"

"ஒண்ணும் விடல."

"பெறகு?"

"இருங்கன்னேன்."

"இருக்கேன்ல? ஏறு."

"அந்த இருங்க இல்ல."

ஒரு நிமிடம் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"சரி, இருக்கேன்" என்றார்.