அவள் பேச்சுக்கு வந்த ஓடு

1991-ல் படப்பையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ஊரில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வெயில் ஏறிவிட்டால் உள்ளே இருக்க முடியாது, பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய்விடுவேன். ஓடு போட்டுத் தரும்படி பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு வருஷாவருஷம் எழுதினேன். யாரும் வந்து பார்க்கவில்லை.

மணிமங்கலம் பக்கத்துப் பள்ளியில் என் சிநேகிதி வேலை பார்த்தாள். ஆசிரியப் பயிற்சியின்போது இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அப்போதே அவளைப் பார்த்து எனக்குள் ஒரு புகைச்சல் உண்டு. நான் கெஞ்சினாலும் நடக்காத காரியம் அவள் சும்மா கேட்டாலே நடந்துவிடும்.

அந்த வருஷம் ஆடிக் காற்றில் அவள் பள்ளியிலும் ஷீட் உடைந்தது, என் பள்ளியிலும் உடைந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். உடைந்த சில்லைத் தரையில் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகக் கோடு விழும், கட்டம் போட்டுப் பாண்டி ஆடலாம். அவள் மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். பாவாடையெல்லாம் தூசியோடு வீட்டுக்கு வந்த மகளைப் பார்த்து அவள் கணவர் பதறிப்போனாராம். அவருக்கு பிரேக் லைனிங் செய்யும் கம்பெனியில் வேலை, அதிலும் இதே ஆஸ்பெஸ்டாஸ்தான் போடுவார்களாம். அங்கே முகமூடி இல்லாமல் இந்தத் தூசி பக்கத்தில் யாரையும் விடமாட்டார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரேகூட எடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாளே அவள் யூனியன் ஓவர்சியர் முன்னால் போய் நின்றாள். புதிதாக வந்திருந்த இளைஞர் அவர், இந்த விஷயத்தை ஏற்கெனவே படித்தும் இருந்தார். பிள்ளைகள் இருக்கும்போது ஷீட்டை அறுக்கவோ துளை போடவோ கூடாது, உடைந்ததைத் தண்ணீர் தெளித்துத்தான் இறக்க வேண்டும், சில்லுகளைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும், உடைந்த வகுப்பறைக்கு இனி ஓடுதான் என்று அவர் முயற்சியில் யூனியன் பள்ளிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை வந்துவிட்டது.

படப்பையில் ஆசிரியர் கூட்டம் போட்டு அதை விளக்கச் சொன்னதும் அவளைத்தான். ஷீட் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும், பல வருஷம் கழித்துத்தான் நோயாகத் தெரியும் என்று நிதானமாகச் சொன்னாள். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கூரையைப் பற்றி இத்தனை வருஷம் எழுதியவள் நான், மேடையில் நிற்பவள் அவள்.

கடைசியில் அவள் என் பக்கம் கையைக் காட்டினாள். "கூரையை மாத்தணும்னு முதல்ல கேட்டது நான் இல்ல. அந்த டீச்சர்தான் ரொம்ப வருஷமா எழுதிக்கினு இருக்காங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெக்கைக்காகத்தான் எழுதினேன், தூசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். நல்ல பெயரை அவளே வைத்துக்கொண்டிருந்தால் திட்டவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். அதையும் கொடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த ஓடு என் பள்ளிக்குத்தான் என்று ஓவர்சியரிடம் பேசிவிட்டாளாம்.

"நீ ஏன் சொல்லணும்? எனக்குக் கேக்கத் தெரியாதா?" என்றேன்.

"நீ கேட்டு அவங்க செய்யல இல்ல, அதான்டி," என்றாள் வெகுளியாக. அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்காக அவள் சொன்னதை நான் விட்டுவிடவில்லை. சில்லுகளை நனைத்து, ஈரச் சாக்கில் கட்டிப் புதைக்க வைத்தேன். பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. தை மாதம் ஓடு வந்தது. மத்தியானத்திலும் உள்ளேயே பாடம் நடத்த முடிந்தது. "அந்த மணிமங்கலம் டீச்சர் புண்ணியத்துல ஓடு வந்துச்சி," என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே சொன்னார்கள்.

ஒருநாள் அவளே பார்க்க வந்தாள். என் நாற்காலியில் உட்காரவைத்து, நான் கொண்டுபோயிருந்த சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லா கீது இல்ல?" என்றாள்.

நல்லாத்தான் இருக்கிறது என்றேன். மனசு மட்டும் ஆறவே இல்லை. அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு நடத்தினேன்.