ஒரே வீட்டுப்பேர் கொண்ட இங்கிலீஷ் வார்த்தைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். காம்பு நறுக்குகிற இடத்தில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். நறுக்கினால் பால் பீச்சும். சிலருக்கு அது ஒன்றும் செய்யாது. எனக்கு விரலிடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் போயிற்று. டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் பக்கம் மாற்றினால் பிழைத்துக்கொள்வேன். இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

லேபிள் பக்கத்துக்கு அந்த வருடம் ஒரு சட்டம் போட்டார்கள். போன சீசனில் யாரோ லேபிளைத் தலைகீழாக ஒட்டி அனுப்பிவிட்டார்களாம். அதனால், காட்டுகிற போர்டில் இருக்கும் இங்கிலீஷ் வார்த்தையை வாய்விட்டுப் படிக்கிறவர்களுக்குத்தான் அங்கே இடம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண், எட்டாவது வரை படித்தவள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வாளித் தண்ணீரில் விரலை நனைத்து, சிமெண்டுத் தரையில் மூன்று எழுத்து எழுதினாள். ஏ, டி, ஈ.

"அக்கா, எங்க ஜனத்துல ஆளு பேரோட இண்டிபேருன்னு ஒன்னு இருக்கும், தெரியுமில்ல? ஒரு வம்சத்துக்கெல்லாம் ஒரே வீட்டுப்பேரு. இந்த மூணு எழுத்தும் இண்டிபேருன்னு வெச்சுக்கோ. முன்னாடி நிக்குறது மட்டும்தான் ஆளு."

ஜி நின்றால் கேட். எல் நின்றால் லேட். மருந்து பாட்டிலில் இருக்கிற டேட், சாப்பிடுகிற பிளேட், மாங்காய் போடுகிற பிளாஸ்டிக் கிரேட். எல்லாம் தினமும் வாயில் புழங்குகிற வார்த்தைகள். எழுத்தில் இவர்கள் பங்காளிகள் என்று எனக்குத் தெரியாது. ஈரம் காய்வதற்குள் படித்துவிட வேண்டும் என்பாள்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த சேலத்துக்காரி கேட்டாள்: "அப்ப டேட்டுக்கும் பிளேட்டுக்கும் கண்ணாலம் கட்டக் கூடாதா?"

"ச்சீ, ஒரே இண்டிபேரு. அண்ணன் தங்கச்சி முறை."

"கேட்டும் லேட்டும்?"

"அவங்க ரெட்டைப் பிள்ளைங்க. காலையில நீ வர்றப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான நிக்குறாங்க!"

அதன்பிறகு எங்கே போனாலும் அந்த மூன்று எழுத்தைத் தேடினேன். ஒருநாள் ஒரு வேனின் பின்னால் நீளமாக ஒரு வார்த்தை, கடைசியில் அதே மூன்று. யார் வீட்டுப் பிள்ளையோ என்று பார்த்துக்கொண்டே நின்று பஸ்ஸை விட்டேன்.

படிப்பு வந்துவிட்டது. ஆனால் படிக்கச் சொல்லப் போகிற சூப்பர்வைசர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். எனக்கு மூத்தார் முறை. எங்கள் பக்கம் கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசமாட்டோம். சொல்ல வேண்டியது இருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வோம். அவர் காதில் விழும். கம்பெனியிலும் அவர் எனக்கு வேலை சொல்வது தெலுங்குக்காரி மூலமாகத்தான்.

அந்த நாள் வந்தது. ஒவ்வொருத்தியாகப் படித்தார்கள். என் முறை வந்ததும், மேசையில் வரிசையாக வைத்திருந்த போர்டுகளில் ஒன்றை அவர் தூக்கினார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிகிறது. நாக்குதான் எழவில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தெலுங்குக்காரியிடம், "தெரியலன்னா காம்பு பக்கமே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்தவளைக் கூப்பிடத் திரும்பினார்.

என் விரல்களைப் பார்த்தேன். எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, பக்கத்தில் அடுக்கியிருந்த வெறும் டப்பாக்களின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏ டப்பா, அந்தக் கையில இருக்கிறது கிரேட்டு. மேசையில இருக்கிறது டேட்டு, அதுக்கு அந்தாண்ட பிளேட்டு, கடைசில கேட்டு" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "டப்பாவே தலையாட்டுது சார், பாஸ் போடுங்க" என்றாள் சேலத்துக்காரி. அவர் சிரிக்கவில்லை. போர்டைக் கீழே வைத்தார். அவரும் அந்த அடுக்கைப் பார்த்தேதான் பேசினார்.

"இந்தா டப்பா, அவங்கள நாளையிலிருந்து லேபிள் பக்கம் வரச் சொல்லு. அதுவரைக்கும் கைக்குத் தேங்காயெண்ணெ போடச் சொல்லு."

கடைசிப் போர்டு கேட் என்று எழுதியிருக்கிறேன், ஸ்டேட்டாகவும் இருந்திருக்கலாம். சொன்ன வார்த்தை எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில்தான் வருகிறதா என்றும் சந்தேகம். இங்கிலீஷ் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்து, தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.