முதுகில் தொங்கிய சாவி

ஆபீஸ் கதை நம் தெருவுக்கு வந்து சேருவதற்குள், வாசகசாலைப் பலகையில் நானே எழுதி ஒட்டிவிடுகிறேன்.

எனக்குக் குறட்டை உண்டு. சத்தத்தை ஆத்துக்காரி பொறுத்துக்கொள்வாள். நடுவில் மூச்சே நின்றுபோகிறது என்பதுதான் அவளுக்குப் பயம்.

"மல்லாந்து படுக்கப்படாது. சட்டை முதுகிலே ஒரு கொட்டைப்பாக்கை வெச்சுத் தைச்சுக்கொள்ளும்" என்றார் வைத்தியர்.

சட்டை போட்டுக்கொண்டு யார் தூங்குவா? பூணூலில் ஆபீஸ் பீரோ சாவி எப்போதும் தொங்குகிறதே, அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்தேன். மல்லாந்தால் குத்தும். நேற்று மூச்சு ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

இன்று பீரோவைத் திறக்கப் போனால் மார்பில் சாவி இல்லை! அவசர ஃபைல் உள்ளே. மேஜை, கோட்டுப் பை எல்லாம் தேடியாயிற்று. வேலை போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பிரண்டு நாயர், "சாரமில்லடோ, பரவாயில்லை, கிடைக்கும்" என்று முதுகில் தட்டினார். உடனே கையை உதறினார். "எந்தாடோ இது, முதுகிலே இரும்பு?"

ஆபீஸே சிரித்தது.

சிரிக்கட்டும். சாவி இனியும் முதுகில்தான் தூங்கும். நேற்று என் ஆத்துக்காரியும் தூங்கினாள்.

இதைவிட நல்ல வைத்தியம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ. சிரிக்க வருகிறவர்கள், உங்கள் குறட்டை எப்படி என்று முதலில் ஆத்தில் கேட்டுவிட்டு வாருங்கோ.